பெயர் வைத்த மனிதர் – பி.ஈ.பி. தெரணியகல

பலாங்கொடை மனிதனைத் தரம் 6 வரலாற்றுப் பாடத்தில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். குகையில் வாழ்ந்தான், கல்லாயுதம் செய்தான், வேட்டையாடினான் என்று பரீட்சைக்கு எழுதியும் இருக்கிறோம். அவனுக்கு அந்தப் பெயரை வைத்தவர் யார் என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இல்லை. உயர்தரத்தில் உயிரியல் படிக்க வந்த பிறகுதான் எனக்கும் அந்தக் கேள்வி எழுந்தது. விடை கலாநிதி பி.ஈ.பி. தெரணியகல. மீன், பல்லி, முதலை, யானை, சிங்கம், மனிதன் என்று இத்தனைக்கும் விஞ்ஞானப் பெயர் சூட்டிய இன்னொருவர் இலங்கையில் இருந்ததாக நான் அறியவில்லை.

அவர் 1900 மே 8 ஆம் திகதி பிறந்தார். முழுப்பெயர் போலஸ் எட்வேர்ட் பீரிஸ் தெரணியகல. தந்தையார் சேர் போல் ஈ. பீரிஸ் குடியியற் சேவை அதிகாரி. போர்த்துக்கேயர் கால இலங்கை வரலாற்றை எழுதியவரும் அவரே. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையின் தொல்பொருள்கள் பற்றி அந்தக் காலத்திலேயே எழுதிய முன்னோடிகளில் ஒருவர் என்பதால் தமிழ் வாசகர்களும் அவரை அறிவார்கள். தந்தையை உலகம் பீரிஸ் என்று அழைத்தது. பிள்ளைகளோ குடும்பத்தின் பழைய பெயரான தெரணியகலவை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் வைப்பதையே தொழிலாகக் கொள்ளப் போகிறவரின் வீட்டில் பெயர் பற்றிய யோசனை முதலிலேயே இருந்திருக்கிறது என்று இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

கலையும் அந்த வீட்டில் நிறைந்திருந்தது. தம்பி ஜஸ்டின் தெரணியகல இலங்கையின் பெயர்பெற்ற ஓவியர்களுள் ஒருவர், 43 குழு என்ற ஓவியர் அமைப்பைச் சேர்ந்தவர். சகோதரி மிரியம், வசதியான குடும்பத்துப் பெண்கள் மேடையேறாத காலத்தில் கண்டிய நடனம் கற்று ஆடியவர். நம் நாயகரும் ஓவியம் வரைவார். தாம் ஆராய்ந்த விலங்குகளைத் தம் கையாலேயே வரைந்து நூல்களில் சேர்த்தார். கல்கிசை புனித தோமையர் கல்லூரியில் தொடங்கிய படிப்பு கேம்பிறிட்ஜ், ஒக்ஸ்போர்ட், ஹார்வர்ட் பல்கலைக்கழகங்கள் வரை போனது.

திரும்பி வந்தவர் முதலில் இறங்கியது மண்ணைத் தோண்டும் வேலையில் அல்ல, நீரில். மீன்வள ஆய்வுப் பணியில் சேர்ந்து கடலாமைகளையும் நன்னீர் மீன்களையும் ஆராய்ந்தார். 1929 இல் தென்மேற்கு ஈரவலயத்தின் நிழலான ஓடைகளில் வாழும் ஒரு சின்னஞ்சிறு கெண்டை மீனை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். விரலளவுதான் இருக்கும், ஆண் மீன் இனப்பெருக்க காலத்தில் இரத்தச் சிவப்பாக மாறும். அப்பகுதிச் சிங்கள மக்கள் அதை லே தித்தயா என்பார்கள், லே என்றால் இரத்தம். தெரணியகல இலத்தீன் அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்கவில்லை. மக்கள் வாயிலிருந்த பெயரையே எடுத்து புன்ரியஸ் தித்தேயா என்று சூட்டினார். இன்று உலகம் எங்கும் கண்ணாடித் தொட்டிகளில் செரி பார்ப் என்ற பெயரில் நீந்துவது அந்த மீன்தான்.

பெயர் வைப்பது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சுவீடன் நாட்டவரான கார்ல் லின்னேயஸ் ஒவ்வோர் உயிரினத்துக்கும் இரண்டு சொற்களில் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டினார். முதற் சொல் சாதி, இரண்டாவது இனம். விலங்குகளுக்கு இந்த முறையின் தொடக்கமாக 1758 இல் வெளிவந்த அவருடைய நூலின் பத்தாம் பதிப்பைக் கொள்கிறார்கள். மனிதனுக்கு ஹோமோ சேப்பியன்ஸ் என்ற பெயரும் அதில்தான் வந்தது. ஒரு புதிய இனத்துக்குப் பெயர் வைப்பவர் அதன் அடையாளங்களை எழுதி அச்சில் வெளியிட வேண்டும். எந்த உடலைப் பார்த்து எழுதினாரோ அதை மூலமாதிரியாக ஒரு நூதனசாலையில் பாதுகாப்பது வழக்கம். பின்னால் வருகிறவர் சந்தேகப்பட்டால் அங்கே போய்ப் பார்க்கலாம். அப்படியானால் மனிதனுக்கு மூலமாதிரி யார்? லின்னேயஸ் ஒருவரையும் குறிப்பிடவில்லை. 1959 இல்தான் வில்லியம் ஸ்டேர்ன் என்ற அறிஞர், அது லின்னேயஸாகவே இருக்கட்டும் என்று எழுதினார். இதை வகுப்பில் சொன்னபோது எல்லோரும் சிரித்துவிட்டோம்.

பெயரின் வாலைப் பார்த்தாலும் கதை தெரியும். ஓர் ஆணின் பெயரைச் சூட்டினால் வழக்கமாக இ என்று முடியும். 1937 இல் தெரணியகல அறிமுகப்படுத்திய மல்புளுத்தா கிறெட்சேரி என்ற மீன், டி கிறெட்சர் என்பவரின் பெயரைத் தாங்கியது. அதில் சாதிப் பெயரான மல்புளுத்தாவும் சிங்களச் சொல்தான். பெண்ணின் பெயரென்றால் ஏ என்று முடியும். பலருடைய பெயரென்றால் ஓரம் என்று முடியும். தென்கிழக்குப் பாறைக் குகைகளில் வாழும் மஞ்சள் தொண்டைப் பல்லிக்கு இல்லிங்வேர்த் குடும்பத்தவரின் பெயரை 1953 இல் அப்படித்தான் சூட்டினார். இடப்பெயர் என்றால் பெரும்பாலும் என்சிஸ் என்று முடியும். இந்தக் கடைசி வாலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1930களில் அவருடைய கவனம் இரத்தினபுரிக்குத் திரும்பியது. அங்கே மாணிக்கம் தேடுகிறவர்கள் வயலுக்கும் ஆற்றுப்படுக்கைக்கும் அடியில் குழி இறக்கி, கல் கலந்த சரளை மண்ணை மேலே கொண்டுவந்து கழுவுவார்கள். நீலக்கல்லைத் தேடும் கைகளில் சில வேளை கறுத்துக் கனத்த எலும்புத் துண்டும் பல்லும் அகப்படும். பணம் தராத பொருள் என்பதால் அவற்றில் எத்தனையோ வீசப்பட்டிருக்கும். தெரணியகல அவற்றைக் கேட்டு வாங்கினார். அந்தச் சரளையிலிருந்து அவர் கண்டெடுத்த விலங்குகளின் பட்டியல் நம்பமுடியாதது. இன்று ஆபிரிக்காவில் மட்டுமே இருக்கும் நீர்யானையின் உறவு விலங்கு இலங்கையில் இருந்தது. அதன் சாதிப் பெயர் ஹெக்சாபுரோட்டொடன், ஆறு முன்பற்கள் என்று பொருள். காண்டாமிருகம் இருந்தது. இன்று இல்லாத யானை வகைகள் இருந்தன. சிங்கமும் இருந்தது. தேசியக் கொடியில் வாள் ஏந்தி நிற்கிற சிங்கம் இந்த மண்ணில் உண்மையாகவே நடமாடியதற்கு முதல் ஆதாரம் குருவிட்டவில் கிடைத்த இரண்டே பற்கள். 1939 இல் அவற்றைக் கொண்டு பந்தேரா லியோ சிங்களேயஸ் என்ற உப இனத்தை அவர் நிறுவினார்.

சிங்களேயஸ் என்ற சொல்லை அவர் அடிக்கடி பாவித்தார். நீர்யானைக்கும் அதுவே, காண்டாமிருகத்துக்கும் அதுவே. தமிழ் பேசும் வாசகருக்கு அது சற்று இடறத்தான் செய்யும். முதலில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தப் பற்கள் சிங்களமோ தமிழோ இங்கு பேசப்படுவதற்கு மிக முன்னைய காலத்தவை. மொழி அறியாத ஒரு விலங்குக்குத் தம் தீவை நினைவூட்டும் ஒரு சொல்லை அவர் ஒட்டினார் என்று எடுத்துக்கொள்வதே நியாயம். பெயரீட்டு விதிகளின்படி ஒரு பெயர் பிடிக்கவில்லை என்பதற்காக அதை மாற்றவும் முடியாது.

1939 இல் தேசிய நூதனசாலையின் பணிப்பாளரான அவர் 1963 வரை அப்பொறுப்பில் இருந்தார். கண்டி நூதனசாலை 1942 இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது அவருடைய காலத்தில்தான். இந்த ஆண்டுகளில் அவர் எழுதிக் குவித்தவற்றை எண்ணி முடியாது. ஊர்வன, அழிந்த யானைகள், இலங்கையின் பிளைஸ்தோசீன் காலம் ஆகியவை பற்றித் தனித்தனி நூல்கள் வந்தன. முள்ளந்தண்டு விலங்குகளின் வண்ணப்படத் தொகுதி ஒன்றும் வந்தது. இடையிடையே பழைய சிங்கள ஆயுதங்கள், கவசங்கள், கிராமிய விளையாட்டுகள் பற்றியும் எழுதினார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அவருக்குப் பெயர் வைக்கும் கை கொஞ்சம் தாராளம். சிறு வேறுபாடு கண்டாலே புதிய உப இனம் என்று எழுதிவிடுவார். மகாவலியின் வெள்ளச் சமவெளிகளில் சேற்றில் மேயும் யானைகளைத் தனி உப இனமாக்கி விலலியா என்றார். வில்லு என்பது அந்தச் சதுப்பு நிலத்தின் பெயர், அலியா என்பது யானை. குளத்து முதலையின் இலங்கை வகைக்குச் சிங்களத்தில் முதலையைக் குறிக்கும் கிம்புலா என்ற சொல்லையே வைத்தார். நமது மட்டக்களப்பு வாவியில் இருக்கும் உவர்நீர் முதலையின் இனத்திலும் ஓர் இலங்கை உப இனத்தைப் பிரித்து மினிகன்னா என்றார். மனிதனைத் தின்பது என்று அதற்குப் பொருள். வாவியில் தோணி விடுகிறவர்களுக்கு அதை யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை! இந்த மூன்று பெயர்களையும் இன்றைய விலங்கியலாளர்கள் தனி உப இனங்களாக ஏற்பதில்லை. வயலுக்குள் வரும் யானை எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இலங்கை யானை ஒரே உப இனம்தான்.

இது அவர் ஒருவரின் பழக்கமும் அல்ல. மனித எலும்புகளுக்குப் பெயர் வைப்பதில் அந்தக் காலம் முழுவதுமே அப்படித்தான் இருந்தது. 1891 இல் ஜாவாவில் ஒரு மண்டையோட்டு மூடி கிடைத்தது. கண்டெடுத்த டுபுவா அதைப் பிதிகாந்திரோப்பஸ் என்ற தனிச் சாதியாக்கினார். 1925 இல் தென்னாபிரிக்காவில் கிடைத்த குழந்தை மண்டையோட்டுக்கு ரேமண்ட் டார்ட் ஒஸ்திரலோபிதிக்கஸ் என்று பெயரிட்டார். இங்கிலாந்தின் பில்ட்டவுன் மனிதனுக்கும் பெருமையாக ஒரு விஞ்ஞானப் பெயர் கிடைத்தது. அது மனித மண்டையோட்டையும் குரங்கின் தாடையையும் சேர்த்துச் செய்த மோசடி என்று 1953 இல் வெளிப்பட்டது. எங்கே ஓர் எலும்பு கிடைத்தாலும் புதிய பெயர் பிறந்தது. 1950 இல் ஏர்ன்ஸ்ட் மயர் என்ற உயிரியலாளர் இந்தப் பெயர்க் காட்டை வெட்டித் துப்புரவாக்க வேண்டும் என்று வாதாடினார். ஜாவா மனிதனை இன்று ஹோமோ இரெக்டஸ் என்றுதான் படிக்கிறோம். டார்ட் வைத்த பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்தக் காலத்தில்தான் தெரணியகல குகைகளுக்குள் இறங்கினார். சுவிஸ் நாட்டுச் சரசின் சகோதரர்கள் 1907 இல் இலங்கையில் கல்லாயுதங்களைத் தேடி எடுத்திருந்தார்கள். ஆயுதத்தைச் செய்த மனிதர்களின் எலும்புகளைத் தேடி எடுத்தது தெரணியகலவின் பணி. 1930களின் பிற்பகுதியில் குருவிட்டப் பக்கத்து பட்டதொம்பலெனக் குகையைத் தோண்டினார். 1956 முதல் 1961 வரை உடவளவைப் பக்கத்தில் பெல்லன்பெந்தி பெலஸ்ஸ என்ற திறந்தவெளியில் அகழ்ந்தபோது ஒன்றல்ல, பல மனிதர்களின் எலும்புக்கூடுகள் வெளிவந்தன. இறந்தவர்களை அவர்கள் வாழ்ந்த இடத்திலேயே அடக்கியிருக்கிறார்கள். தடித்த மண்டையோடு, முன்தள்ளிய புருவ எலும்பு, பலமான தாடை, பெரிய பற்கள். பக்கத்தில் குவார்ட்ஸ் கல்லில் செய்த நுண்ணிய ஆயுதங்களும், தின்று போட்ட நத்தை ஓடுகளும், விலங்கெலும்புகளும் கிடந்தன.

இந்த மனிதர்களுக்கு அவர் 1950களில் சூட்டிய பெயர் ஹோமோ சேப்பியன்ஸ் பலாங்கொடென்சிஸ். நான் நினைவில் வைக்கச் சொன்ன வால் இதுதான். பலாங்கொடையைச் சேர்ந்த என்று பொருள்.

இந்த இடத்தில் நமது வீடுகளைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். மனித மூதாதை என்ற தலைப்பு பாடப் புத்தகத்தில் வந்தாலே உம்மாமார் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள். ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் எல்லாப் பொருள்களின் பெயர்களையும் கற்றுக்கொடுத்தான் என்று ஓதி வளர்ந்த பிள்ளைகள் நாம். பலாங்கொடை மனிதனைப் பாதி விலங்காகத்தான் நானும் சிறுவயதில் கற்பனை செய்து வைத்திருந்தேன். என் மூத்தம்மாவிடம் இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னபோது அவர் கேட்ட முதற் கேள்வி, அவன் மனிசனா இல்லையா என்பதுதான். நான் வாசித்ததை வைத்துச் சொன்னேன், மனிதன்தான். தெரணியகல வைத்த பெயரின் முதல் இரண்டு சொற்களே அதைச் சொல்கின்றன. ஹோமோ சேப்பியன்ஸ் என்பது எனக்கும் மூத்தம்மாவுக்கும் உள்ள அதே பெயர். பிரச்சினை மூன்றாவது சொல்லில் இருக்கிறது. அது அவர்களை நம்மிடமிருந்து ஒரு படி தள்ளி நிறுத்துகிறது.

அந்தச் சொல் நிலைக்கவில்லை. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக மானிடவியலாளர் கென்னத் கென்னடி இந்த எலும்புகளை நீண்ட காலம் ஆராய்ந்தார். இவை இன்றைய மனிதர்களுடையவையே என்றும், இலங்கையில் வாழும் வேடர் சமூகத்தவரின் உடலமைப்போடு இவற்றுக்கு ஒற்றுமை உண்டு என்றும் அவர் எழுதினார். இன்று பலாங்கொடென்சிஸ் என்ற உப இனத்தை விஞ்ஞானிகள் ஏற்பதில்லை. பாடப் புத்தகத்தில் பலாங்கொடை மனிதன் என்ற வழக்குப் பெயர் மட்டும் இருக்கிறது. தெரணியகல வைத்த எத்தனையோ பெயர்களில் மக்கள் மறக்காத ஒன்று, விஞ்ஞானம் கழற்றி வைத்ததாகவே அமைந்துவிட்டது. அவருக்கு இது தோல்வி என்று சிலர் நினைக்கலாம். என் எண்ணம் வேறு. அவர் தோண்டி எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்தபடியால்தான் இன்னொருவர் வந்து அளந்து, அவர் வைத்த பெயரையே திருத்த முடிந்தது.

வேடர் என்றதும் நாம் மகியங்கனைப் பக்கத்தையே நினைக்கிறோம். நமது மாவட்டத்தின் வடக்கே வாகரைப் பகுதியில் கடலோர வேடர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது தமிழ். இந்த வாவிக்கரையில் யார் முதலில் வந்தவர் என்ற பேச்சு எங்கள் ஊர்களில் எழுந்து சண்டையாகிற நேரங்களில் அவர்களை ஒருவரும் நினைப்பதில்லை. தமிழர் ஒரு பக்கம், முஸ்லிம்கள் ஒரு பக்கம், சிங்களவர் ஒரு பக்கம் என்று பூர்வீகம் பேசும்போது, குகைகளில் கிடந்த எலும்புகளோடு ஒத்துப்போகிற மனிதர்கள் வாகரையில் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நூதனசாலையில் இருந்த காலத்தின் கடைசியில் வித்தியோதயப் பல்கலைக்கழகத்தின் கலைப் பீடாதிபதியாகவும் தெரணியகல கடமையாற்றினார். 1976 இல் காலமானார். அவர் விட்ட இடத்தில் மண்வெட்டியைக் கையில் எடுத்தவர் அவருடைய மகன் சிரான் தெரணியகல. தகப்பன் தோண்டிய பட்டதொம்பலெனவை மகன் 1979 முதல் மீண்டும் தோண்டினார், இம்முறை ஒவ்வொரு படையாக, காலத்தைக் கணிக்கும் புதிய முறைகளோடு. தந்தை ஊகித்ததைவிட அந்த மனிதர்களின் காலம் மிகப் பழையது என்று தெரிந்தது. நுண் கல்லாயுதங்கள் 28,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. புலத்சிங்களப் பக்கத்து பாகியன் குகையில் மனிதர் வாழ்ந்த காலம் ஏறத்தாழ 48,000 ஆண்டுகள் வரை போகிறது. அங்கே கிடைத்த எலும்பு அம்புமுனைகள் ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லம்பு பாவித்ததற்கு மிகப் பழைய சான்றுகளில் அடங்கும் என்று 2020 இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். காட்டின் நடுவே இருக்கிற அந்தக் குகைகளில் கடற்சிப்பியில் செய்த மணிகளும் கிடைத்தன. கடற்கரைக்கும் மலைக்கும் இடையில் அப்போதே யாரோ போய்வந்திருக்கிறார்கள். சிரான் அவர்களும் 2021 இல் காலமாகிவிட்டார்.

செரி பார்ப் மீனின் பெயரும் பின்னர் மாறியது. 2023 இல் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் அதைப் புன்ரியஸ் சாதியிலிருந்து எடுத்து ரொஹனெல்லா என்ற புதிய சாதியில் வைத்தார்கள். இப்போது அது ரொஹனெல்லா தித்தேயா. சாதி மாறினாலும் முதலில் இனத்துக்குப் பெயர் வைத்தவரை அழிக்க விதி இடம் கொடுப்பதில்லை. அவரது பெயரையும் ஆண்டையும் ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவார்கள். ஆகவே அந்தச் சிவப்பு மீனின் முழுப்பெயரை எந்த நாட்டில் யார் எழுதினாலும் கடைசியில் தெரணியகல, 1929 என்று அடைப்புக்குறிக்குள் எழுதுவது வழக்கம்.

அவருடைய பெயரையும் மற்றவர்கள் சூட்டினார்கள். 1982 இல் ஒரு சிறு பாம்புக்கும் 1991 இல் ஓர் அரணைக்கும் தெரணியகலே என்று பெயர் வைத்தார்கள். ஆணின் பெயர் இ என்று முடிய வேண்டுமே, இது ஏன் பெண்ணின் பெயர்போல ஏ என்று முடிகிறது என்று பார்த்தவுடன் கேட்டேன், தவறு என்றே நினைத்தேன். தவறில்லை. தெரணியகல என்ற சொல் அகரத்தில் முடிவதால் இலத்தீன் இலக்கணம் அதை அப்படியும் நடத்த விடுகிறது. அந்த அரணை லங்காசிங்கஸ் தெரணியகலே, தென்மேற்கு மழைக்காட்டில் சருகுகளுக்கு அடியில் இன்றும் ஓடித் திரிகிறது.